செருப்பு நின்ற இடம்

கல்லடிக் கடற்கரைக்குக் கானிவேல் வந்து பத்து நாள்.
எங்களுக்கு ஞாயிறு வாய்த்தது இன்றுதான்.
களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினோம்.
அவர் மடியில் சின்னவன்,
என் மடியில் புளிச்சோற்றுப் பார்சல்.

நுழைய ஒரு வரிசை.
டிக்கட்டுக்கு ஒரு வரிசை.
அந்த டிக்கட் நுழைய மட்டும்தான் என்று
தெரிந்துகொள்ள இன்னொரு வரிசை.

ராட்டினத்தடியில்
உதயகரன் கழுத்தை நீட்டித் தலைகளை எண்ணினார்.
பெட்ரோலுக்காக இரண்டு இரவு ஓட்டோவுக்குள் படுத்தவர்,
வரிசைக் கணக்கில் அவரை யாரும் வெல்ல ஏலாது.
"பெட்டிக்கு நாலு பேர், பன்னிரண்டு பெட்டி,
ஒரு தரத்துக்கு ஏழு நிமிசம்.
எட்டு மணிக்கு நாம மேல."
மறுகா எண்ணினார்: எட்டே முக்கால்.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.
தண்ணிப் போத்தல் வாங்கப் போனார்.

"மேல போனா எங்கட வீடு தெரியுமாம்மா?"
"தெரியும்" என்றேன்.
காத்திருக்கும் பிள்ளைக்குப் பொய்யும் ஒரு தீன்.

ஒலிபெருக்கி சொன்னது:
நீலச் சட்டை போட்ட ஆண்பிள்ளை ஒன்று
அலுவலகத்தில் இருக்கிறது,
பெயர் கேட்டால் ஐஸ்கிரீம் என்கிறது,
உரியவர்கள் வரவும்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
சிரித்துவிட்டு
அவரவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தது.

அப்போதுதான் லக்ஷானுக்கு ஒண்டுக்கு வந்தது.
போன தகப்பனைக் காணோம்.
போன் அடிக்கிறது, அடிக்கிறது,
மணிச் சத்தத்தைக் கடல் எடுத்ததோ
பாட்டுப்பெட்டி எடுத்ததோ.
ஏழு வயசுக்காரியைத் தனியே நிறுத்த முடியாது.
ஒன்றரை மணித்தியாலத்தை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

யதுர்ஷிகா குனிந்தாள்.
ஒற்றைச் செருப்பைக் கழற்றி, ரோசா நிறம்,
எங்கள் இடத்தில் வைத்தாள்.
"சிலிண்டர் மாதிரியம்மா."

காஸுக்கு நின்ற நாட்களில் அவளுக்கு மூன்று வயது.
தெருவோரம் சங்கிலி போட்டு
ஆளில்லாமல் நின்ற சிலிண்டர்களை
இடுப்பில் இருந்து பார்த்தவள்.
மறந்திருப்பாள் என்றல்லவா இருந்தேன்.

கழிப்பறைக்கும் வரிசை.
அதைச் சொல்லி என்ன.

திரும்பி வந்தபோது
கச்சான் வண்டிக்கு நேரே, நாங்கள் விட்ட இடத்தில்,
யார் யாரோ கால்கள்.
செருப்பு இல்லை.
அவள் ஒரு காலில் மண்ணோடு நின்று
உதட்டைக் கடித்தாள்.
சண்டைக்கான சொற்கள்
என் நாக்கில் வந்து
ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டின.

"தங்கச்சி, இஞ்சால!"
பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் ஒருவர்,
ஏறாவூர்க்காரர்,
தோளில் தூங்கும் ஒன்று, கையில் இரண்டு.
அவருடைய காலுக்கு முன்னே
ரோசாச் செருப்பு,
மூக்கு ராட்டினத்தைப் பார்த்தபடி.
வரிசை நகர நகரப்
பெருவிரலால் தள்ளித் தள்ளிக் கொண்டு வந்திருக்கிறார்.
"நல்ல செருப்பு புள்ள,
ஒருக்காக்கூட முண்டியடிக்கல்ல."

முன்னால் நின்ற பெடியன் ஒருவன் சொன்னான்,
இடையில் புகுந்த ஒருத்தரை
"அதில ஆள் நிக்குது" என்று மறித்தானாம்.

சொற்களை விழுங்கினேன்.
சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன்.
அவருடைய பிள்ளைகளும் கை நீட்டினார்கள்.

ஒன்பது பத்துக்கு ஏறினோம்.
தகப்பனின் இடத்தில் அவருடைய மூத்தவன்.
உச்சியில் போய் ராட்டினம் நின்றது,
கீழே ஆள் ஏற்றுகிறார்களாம்.
மேலேயும் காத்திருப்புத்தான்.
ஆனால் காற்று இருந்தது.
வாவியில் பாலத்து வெளிச்சம் நெளிந்தது.
லக்ஷான் தூங்கிவிட்டான்,
இவ்வளவுக்கும் காரணமானவன்.

"எங்கட வீடு?"
தெற்கே இருட்டைக் காட்டினேன்.
அவள் அங்கே பார்க்கவில்லை.
"அப்பா!"

கீழே, கச்சான் வண்டிக்கு நேரே,
இரண்டு போத்தலோடு உதயகரன்.
நாங்கள் இல்லாத இடத்தில்
கழுத்தை நீட்டி
முதலிலிருந்து தலைகளை எண்ணுகிறார்.
கூப்பிட்டோம். கேட்கவில்லை.

யதுர்ஷிகா ஒற்றைச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.
"போடட்டா?"

கொஞ்சம் பொறு என்றேன்.